முதல் வெளிநாட்டுப் பயணம்: ஊரைக் குறையுங்கள், வியட்நாமை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: கணவன், மனைவி இருவர், இதுவரை இந்தியாவைத் தாண்டியதில்லை, விடுப்பு 12 நாள், கையில் இரண்டரை லட்ச ரூபாய், திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறலாம். போட்டு வைத்திருக்கும் பட்டியல் பாங்காக், சியெம் ரீப், ஹனோய், ஹா லாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம். இது முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

பணம் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். நாள்தான் போதாது. ஊர் மாறும் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலையில் பெட்டி கட்ட வேண்டும், பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் காத்திருப்பு, ஒன்றரை மணி நேரம் பறந்து, இறங்கி, பெட்டிக்காக நின்று, வண்டி பிடித்து, புது ஊரில் விடுதியைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும்போது சாயங்காலம் ஆகிவிடும். நாடும் மாறினால் இதோடு குடியேற்ற வரிசை, புதுப் பணம், புது சிம், இன்னொரு விசா. ஆறு ஊருக்கு ஐந்து மாறுதல், போக வர இரண்டு நாள், ஆக 12 நாளில் பாதிக்கு மேல் வரிசையிலும் வண்டியிலும் கழிந்துவிடும். அதனால் எத்தனை ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு எத்தனை முறை பெட்டி கட்டப்போகிறோம் என்று எண்ணுங்கள். 12 நாளுக்கு மூன்று முறை சரி, நான்கு தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

பாங்காக்கையும் சியெம் ரீப்பையும் எடுத்துவிடுங்கள். கம்போடியாவின் சியெம் ரீப்பில் இருக்கும் அங்கோர் வாட் கோயில் பார்த்தே ஆக வேண்டிய இடம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, அதனால்தான் அதை ஒன்றரை நாளில் அவசரமாக முடிக்க வேண்டாம் என்கிறேன். தாய்லாந்தோடு சேர்த்து இன்னொரு வருடம் தனியாகப் போங்கள். இந்த முறை வியட்நாம் மட்டும்.

வியட்நாம் வடக்கே இருந்து தெற்கே ஒல்லியாக நீண்ட நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். இந்த அமைப்புக்கு ஏற்றபடி டிக்கெட் போட வேண்டும்: மேலே ஹனோயில் இறங்கி, கீழே ஹோ சி மின் நகரத்தில் ஏறித் திரும்புவது. போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிப்பது என்றால் ஒரு நாளும் ஒரு உள்நாட்டு டிக்கெட்டும் தண்டம். டிக்கெட் தளங்களில் ஒருவழி, இருவழி என்பதற்குப் பக்கத்தில் மல்டி சிட்டி என்று ஒன்று இருக்கும், அதில்தான் தேட வேண்டும். மலிவு விமானங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலை, அதனால் இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுத்தாலும் நஷ்டம் இல்லை. பெரிய விமான நிறுவனங்களில் ஒருவழி விலை சில சமயம் இருவழி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அங்கே மல்டி சிட்டியாகத் தேடினால்தான் நியாயமான விலை கிடைக்கும்.

உங்களுக்கு வழி கோலாலம்பூர். திருச்சி, சென்னை இரண்டிலிருந்தும் நேர் விமானம் இருக்கிறது, அங்கிருந்து ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் தினமும் விமானங்கள். சிங்கப்பூர் வழியாகவும் போகலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும், நீங்கள் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். தனித்தனியாக எடுத்திருந்தால் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. நீட்டித்து நீட்டித்து வரும் சலுகை அது, எனவே டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. தனி டிக்கெட் என்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, டிக்கெட் போனது போனதுதான்.

திரும்பும்போது கோலாலம்பூரில் ஒரு ராத்திரி தங்குவதை நான் வலியுறுத்துவேன். கூடுதல் விமானச் செலவு இல்லாமல் இரண்டாவது நாடு கிடைக்கிறது, கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் பத்து மலை முருகன் வாசலிலேயே இறங்கலாம். தெற்கே போய் ஊருக்குத் திரும்புகிற வழியில் 272 படி ஏறி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாமே.

இப்போது பாஸ்போர்ட், விசா. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான், 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் 3,500. ஏற்கெனவே இருந்தால், பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். வியட்நாம் விசா முழுக்க ஆன்லைன்தான். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள், ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். (நடுவில் கம்போடியா போய்த் திரும்பியிருந்தால் இந்த 50 டாலர் விசா எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் அந்தப் பட்டியலை வெட்டியதற்கு ஒரு காரணம்.) தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் ஏஜென்ட் தளங்கள் வரிசையாக வரும், இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். முகவரி ஜிஓவி டாட் விஎன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மூன்று வேலை நாளில் கொடுப்பதாகச் சொல்வார்கள், அதை நம்பி கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள், மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அங்கே அப்பா பெயர் இருக்கும். புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி அச்சிட்டிருப்பார்கள், அதில் பெயர் எந்த வரிசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசா விண்ணப்பத்தில் போடுங்கள். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் இல்லாமல் படிவம் நகராது, ஒரே பெயர் உள்ளவர்கள் என்ன போட வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதி வைத்திருக்கிறது, சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள், அப்புறம் திருத்தக் கட்டணம் அழ வேண்டியதில்லை. பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமா ஓ எழுத்தா என்பதையெல்லாம் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். ஒரு எழுத்து தப்பானாலும் மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம். நுழையும் இடம் எது என்று கேட்கும்போது ஹனோயின் நோய் பாய் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மாதம் போவது? வியட்நாமில் ஒரே சமயத்தில் மூன்று விதமான வானிலை இருக்கும். தெற்கே மே முதல் அக்டோபர் வரை மழை. நடுப்பகுதியில் செப்டம்பர் கடைசி தொடங்கி டிசம்பர் வரை மழை, அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் ஆற்று வெள்ளம் ஏறுவது அடிக்கடி நடப்பது. வடக்கே டிசம்பர், ஜனவரியில் நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். மூன்றும் ஓரளவு ஒத்துப்போவது பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுவரை. அதில் டெட் என்ற அவர்களுடைய சந்திரப் புத்தாண்டைத் தவிர்த்துவிடுங்கள், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், அந்த வாரம் கடைகள் மூடியிருக்கும், ரயிலும் விமானமும் நம் தீபாவளி நேரம் மாதிரி நிரம்பி வழியும். பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியில் கிளம்ப நினைத்தால், ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே தேசிய விடுமுறை, உள்ளூர்க் கூட்டத்தில் அறை விலை ஏறிவிடும்.

சரி, வழித்தடம். ஹனோயில் மூன்று ராத்திரி, ஒரு ராத்திரி ரயிலில், ஹோய் ஆனில் நான்கு, ஹோ சி மின் நகரத்தில் இரண்டு, கோலாலம்பூரில் ஒன்று.

ஹனோயில் பழைய நகரப் பகுதியில், ஹோவான் கியெம் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டி விடமாட்டார்கள், ஊரே குழந்தை குட்டியோடு அங்கே வந்துவிடும். முடிந்தால் வார இறுதி ஹனோயில் வரும்படி தேதி போடுங்கள். ஹோ சி மின் நினைவிடம் திங்களும் வெள்ளியும் மூடல், மற்ற நாளிலும் காலையில் மட்டும்தான், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

ஹா லாங் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் நூற்றுக்கணக்கில் சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கிற அந்த விரிகுடாவை முழுதாக ரசிக்கப் படகில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், சுமாரான படகுக்கே இருவருக்குப் பதினைந்து இருபதாயிரம் ஆகும். ஒரே நாளில் போய் வரும் பயணத்தில் பஸ்ஸில் உட்காரும் நேரமும் தண்ணீரில் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அதற்குப் பதிலாக ஹனோய்க்குத் தெற்கே சுமார் 95 கிலோமீட்டரில் இருக்கும் நின் பின் போங்கள். அதே மாதிரி மலைகள், நடுவில் கடலுக்குப் பதில் ஆறும் வயலும். டிராங் ஆனில் ஒரு சிறிய துடுப்புப் படகில் ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் கூட்டிப்போவார்கள், துடுப்பு போடுவது பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள், மலைக்கு அடியில் குகைக்குள் படகு நுழையும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், இருட்டில் பாறை கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில் போகும். காலை கிளம்பி ராத்திரி ஹனோய் திரும்பிவிடலாம். பட்ஜெட் பயணத்துக்கு இதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நாலாவது நாள் ராத்திரி ஹனோயிலிருந்து ஹுவேவுக்கு ரயில், 688 கிலோமீட்டர், பதிமூன்று பதினான்கு மணி நேரம். நான்கு படுக்கை உள்ள ஏசி அறையில் எடுங்கள், கீழ்ப் படுக்கை கொஞ்சம் விலை கூட, ஆனாலும் அதையே எடுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகையும் ஒரு விமான டிக்கெட்டும் மிச்சம். காலையில் ஹுவேயில் இறங்கி, வியட்நாமை ஆண்ட ங்குயென் மன்னர்களின் கோட்டையையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு, பிற்பகல் ரயிலில் டா நாங். இந்த ரயிலில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டரை மூன்று மணி நேரம் எடுப்பதற்குக் காரணம் ஹை வான் கணவாய், மலை விளிம்பை ஒட்டி ரயில் வளைந்து வளைந்து போகும், கீழே ஆள் இல்லாத கடற்கரையும் நீலக் கடலும் தெரிந்துகொண்டே வரும். இந்தப் பயணத்திலேயே நல்ல மூன்று மணி நேரம் இதுதான், கிடைப்பதும் சொற்பக் காசுக்கு. டா நாங்கிலிருந்து ஹோய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர், அங்கே ரயில் கிடையாது, கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோய் ஆனில் நான்கு ராத்திரி அதிகம் என்று தோன்றும். அதுவரை ஓடியதற்கு உடம்பு ஓய்வு கேட்கும், கடற்கரை சைக்கிள் தூரத்தில் இருக்கிறது, துணி அளவு கொடுத்து இரண்டு நாளில் தைத்து வாங்கும் ஊர், தவறு இருந்தால் திருத்திக் கொடுக்க நேரமும் வேண்டும். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மி சன், பழைய காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சம்பா மன்னர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து கட்டிய செங்கல் சிவன் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒரு பகுதியைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை, 2020இல் அந்த வேலையின்போதுதான் ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், வெயிலும் கூட்டமும் வருவதற்குள் பார்த்துவிடலாம். அங்கிருந்து எடுத்த சிற்பங்களில் சிறந்தவை டா நாங் சம்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஹோ சி மின் நகரத்துக்கு விமானம் ஏறும் அன்று அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஹோ சி மின் நகரத்துக்கு இரண்டு ராத்திரி போதும். போர் நினைவு அருங்காட்சியகம் மனதை உலுக்கிவிடும், அன்றைக்கு வேறு எதுவும் வைக்காதீர்கள். பென் தான் சந்தைப் பக்கம் நடந்தால் ட்ரூங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. இப்போது வரிசையில் ஊதுவத்தி பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான், அம்மனை அவர்கள் தங்கள் தெய்வமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பணக் கணக்கு, இருவருக்கும் சேர்த்துத் தோராயமாக: கோலாலம்பூர் வழி விமானம் 70,000, உள்நாட்டு ரயிலும் ஒரு விமானமும் 18,000, விசா 4,500, பத்து ராத்திரி அறை 24,000, சாப்பாடு 30,000, உள்ளூர் வண்டி, நுழைவுச் சீட்டு, ஒருநாள் பயணங்கள் 25,000, காப்பீடும் சிம்மும் 4,000. ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வருகிறது. மீதியில் நாற்பதாயிரத்தைத் தொடாமல் வையுங்கள், ஒரு விமானம் தவறினாலோ காய்ச்சல் வந்தாலோ அதுதான் கைகொடுக்கும். டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் சேரும், வருமான வரிக் கணக்கில் அது திரும்ப வரும் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கியிருக்கும். நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

அங்கே பணம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், அதாவது ஒரு லட்சம் டாங் என்றால் 340 ரூபாய் மாதிரி. லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கு இது சுலபம். ஆனால் நோட்டைப் பார்த்துக் கொடுங்கள்: 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம், இரண்டும் வழுவழுப்பான பிளாஸ்டிக் நோட்டு, ராத்திரி நேரம் மங்கிய விளக்கில் வண்டிக்காரருக்குக் கொடுக்கும்போது மாறிப்போகும். ஒன்று 70 ரூபாய்க்குக் கீழே, இன்னொன்று 1,700 ரூபாய்க்குப் பக்கம். 20,000 நோட்டின் பின்னால் ஹோய் ஆனின் கூரை போட்ட ஜப்பானியப் பாலம் இருக்கும், அதுதான் அடையாளம். ஐந்து லட்சம் நோட்டுகளை பர்ஸில் தனி அறையில் வைத்துவிட்டால் கவலையே இல்லை. டாலர் கொண்டுபோனால் மடிப்பு, கிறுக்கல் இல்லாத புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள், பழைய நோட்டுக்கு விலை குறைப்பார்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்தே இருக்கும், கிளம்புமுன் ஆப்பில் போட்டுவிடுங்கள், ஓடிபி வருவதற்கு இந்திய எண்ணில் ரோமிங்கையும் வைத்திருங்கள். உள்ளூரில் வாடகை வண்டி கூப்பிடும் கிராப் ஆப் இருந்தால் பேரம் பேச வேண்டியதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். எல்லாக் கடையிலும் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள், நம் ஊர் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதே என்று தோன்றும். இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி உள்ளதை. சட்டப்படி நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர், கீழே விழுந்து கால் உடைந்தால் பயணக் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடலாம். மேலும் சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாடு அது, தெருவைக் கடக்கும்போதுகூட முதல் இரண்டு நாள் இடமும் வலமும் குழம்பும்.

சைவமாக இருந்தால், 'சாய்' என்று பலகை வைத்த கடைகள் எல்லா ஊரிலும் உண்டு, பௌத்தர்கள் விரதச் சாப்பாடு சாப்பிடும் இடம், சோறும் டோஃபுவும் கீரையுமாக வயிறு நிறையும், செலவும் குறைவு. மற்றக் கடைகளில் வெறும் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸைச் சேர்த்துவிடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அசைவம் என்றால் எந்தக் குறையும் இல்லை, ஒரு பான் மி ரொட்டி நூறு ரூபாய்க்குள், ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் ஒரு பெரிய கிண்ணம் இருநூறு சில்லறை.

பதிவு செய்யும் வரிசை: பாஸ்போர்ட், சர்வதேச விமானம், ரத்து செய்யக்கூடிய விடுதிகள், விசா, பிறகு டா நாங் விமானமும் ரயிலும், கடைசியில் காப்பீடு. ஒருநாள் பயணங்களை அங்கே போய் விடுதியிலேயே கேட்டுக்கொள்ளலாம், முன்கூட்டியே வாங்கிவைத்து மழை நாளில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மலிவு விமானத்தில் கைப்பெட்டி ஏழு கிலோதான், பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் விலை அதிகம். எந்த மாதம் என்று முடிவானதும் சொல்லுங்கள், அந்தத் தேதிக்கு ஹுவேவுக்கு எந்த ரயில் வசதிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.